வி.ஏ. வேலைக்கு மனதைத் தயார் செய்வது எப்படி: முதல் கிளையன்ட்டுக்கு முன்பிருந்து முழு வழிகாட்டி

என்னிடம் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் (வி.ஏ.), அதாவது வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக இன்னொருவரின் அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் வேலை, பழக வந்தவர்களில், வேலை பிடிபடாமல் விட்டவர்கள் மிகக் குறைவு. மெயில் பிரிப்பது, காலண்டர் பார்ப்பது, டிக்கெட் போடுவது, இன்வாய்ஸ் அனுப்புவது எல்லாம் நாலு வாரத்தில் கை பழகிவிடும். விட்டவர்கள் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் விட்டார்கள். அதற்குள் தூக்கம் கெட்டிருக்கும். மெசேஜ் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும். வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசி வாரக்கணக்காகியிருக்கும்.

ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். தடுமாறிய இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: வரிசை. முதலில் கிளையன்ட்டைப் பிடித்துவிட்டு, வேலை நேரம், வீட்டு ஏற்பாடு, லீவு, பணம் வரும் தேதி ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். முடிவு செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் ராத்திரி படுக்கையில் வந்து உட்காரும். அதனால் கீழே சொல்வதை அதே வரிசையில் செய்யுங்கள். இந்தியாவில் வீட்டில் இருந்தபடி அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஓரிரு கிளையன்ட்டுகளுக்கு வேலை பார்க்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தைத்தான் முதலில் சொல்வேன். கையில் காசில்லாதவரால் எதற்கும் "முடியாது" என்று சொல்ல வராது. ஞாயிறு ராத்திரி வேலைக்கும் தலையாட்டுவார், பேசாத வேலைக்கும் தலையாட்டுவார், பேசிய தொகையில் பாதிக்கும் தலையாட்டுவார். அவ்வளவு சேர்க்க வழியில்லை என்றால், இப்போது பார்க்கும் வேலையை விடாமல் வாரத்துக்குப் பத்து மணி நேரம் மட்டும் எடுத்துப் பழகுங்கள்.

லேப்டாப்பை இ.எம்.ஐ.யில் வாங்கிவிட்டு கிளையன்ட் தேடக் கிளம்ப வேண்டாம். 5ஆம் தேதி தவணை கட்ட வேண்டும் என்றிருக்கும்போது, முதலில் வருகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்க்கப் பொறுமை இருக்காது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்தால் மெயில், காலண்டர், ஜூம் எல்லாம் ஓடும். ஆரம்பத்துக்கு அது போதும்.

இன்டர்நெட்டுக்கு இரண்டு வழி வேண்டும்: ஃபைபர் ஒன்று, வேறு கம்பெனி சிம்மில் மொபைல் டேட்டா ஒன்று. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம்தான் முதலில் அணையும். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறது. அதைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவிடுங்கள். "கரண்ட் போயிடுமோ" என்ற பயம் அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் கவனம் வேலையில் நிற்காது.

இன்னொன்று. வேலை தருகிறேன் என்பவர் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று உங்களிடமே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். படிவம் நிரப்பும் வேலை கொடுத்து, "பிழை அதிகம், அபராதம் கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி எதையோ அனுப்பி மிரட்டுகிற மோசடியும் உண்டு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஏமாந்துவிட்டோமே என்று கூச்சப்பட்டு வீட்டில் மறைத்தவர்களைத்தான் அது அதிகம் வாட்டியிருக்கிறது.

1. வீட்டாரோடு பேசி முடியுங்கள்

இதைத் தள்ளிப் போடாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. "முதல்ல சம்பளம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பார்கள். அதற்குள் "வீட்டுலதானே இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வை", "பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடு" என்று ஆரம்பித்துவிடும். சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. உங்கள் வேலை அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"நான் வேலை பார்க்கிறேன், தொந்தரவு செய்யாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் சண்டையில்தான் முடியும். மணி சொல்லிப் பேசுங்கள். என் மாமியாரிடம் நான் சொன்னது இதுதான்: "அத்தை, காலையில 11 மணி வரைக்கும் நான் வீட்டு ஆளு. 2 மணிலேருந்து 5 மணி வரைக்கும் கதவு சாத்தியிருந்தா மீட்டிங்ல இருக்கேன்னு அர்த்தம். கதவு திறந்திருந்தா தாராளமா கூப்பிடுங்க." ஒரு வாரத்தில் அவரே வருகிறவர்களிடம், "அவ மீட்டிங்ல இருக்கா, அஞ்சு மணிக்கு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் நேரத்தைக் கேட்கும் அதே பேச்சில் அவர்களுக்கு உரிய நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். காரணம், கூப்பிட்டால் கிடைக்க மாட்டாள் என்ற எண்ணம் வந்துவிட்டால்தான் அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள். தனி அறை இல்லாதவர்கள் கதவுக்குப் பதிலாக ஹெட்போனை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தை இருந்தால் பள்ளி விட்டு வரும் முதல் அரை மணி நேரத்தில் எந்த மீட்டிங்கும் வேண்டாம். அந்த அரை மணியை அவர்களுக்குக் கொடுத்தால் அடுத்த இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும்.

2. வேலை நேரத்தைக் கிளையன்ட்டின் கடிகாரத்திலிருந்து கணக்கிடுங்கள்

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. லாஸ் ஏஞ்சல்ஸில் காலை 9 என்றால் நமக்கு இரவு 10.30 அல்லது 9.30. லண்டன் காலை 9 நமக்குப் பிற்பகல் 2.30 அல்லது 1.30. சிட்னி காலை 9 நமக்கு விடிகாலை 4.30 அல்லது 3.30. இதை ஒரு தாளில் எழுதி, அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். "எந்த நேரமும் ஓகே" என்று நேர்காணலில் சொல்லிவிட்டு வந்தவர்கள் இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை உணர்கிறார்கள்.

வி.ஏ. வேலையில் பெரும்பகுதிக்கு கிளையன்ட் விழித்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு நாளில் இரண்டு, மூன்று மணி நேரம் இருவரும் ஒரே சமயத்தில் இருந்தால் போதும் என்று பேசிக்கொள்ளலாம். மற்றதை உங்கள் பகலில் முடித்துவிட்டால், அவர் எழும்போது வேலை தயாராக இருக்கும். இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவருக்குத் தானாகத் தோன்றாது.

முழு ராத்திரி வேலைதான் கிடைக்கிறது என்றால், பகல் தூக்கத்தையும் ஷிஃப்ட் மாதிரி எழுதி வையுங்கள். ராத்திரி மூன்று மணி வரை வேலை, ஆறு மணிக்கு எழுந்து சமையல், மதியம் கிடைத்தால் ஒரு குட்டித் தூக்கம் என்று ஓட்டியவர்கள் எட்டு வாரம் தாண்டியதில்லை.

நேரக் கணக்கில் நான் ஒருமுறை சரியாக மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் வைப்பார்கள். இங்கிலாந்தில் அது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. நான் ஒரு வாராந்திர மீட்டிங்கை நம்மூர் நேரம் இரவு 7.30 என்று காலண்டரில் போட்டு வைத்திருந்தேன். மார்ச்சில் கடிகாரம் மாறியதும் அது நியூயார்க்கில் 10 மணி மீட்டிங் ஆகிவிட்டது. 9 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த விருந்தினர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். அன்று ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம்: கூகுள் காலண்டரில் அந்த மீட்டிங்கைத் திறந்து, நேர மண்டலத்தைக் கிளையன்ட்டின் ஊருக்கு மாற்றுவது. அதன் பிறகு எந்த மார்ச்சிலும் அது நடக்கவில்லை. நீங்கள் முதல் நாளே அப்படிப் போடுங்கள். காலண்டரின் ஓரத்தில் இரண்டாவது நேர மண்டலம் தெரிகிற மாதிரி வைப்பதற்கும் அமைப்புகளில் வழி இருக்கிறது.

3. ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி ஒப்புதல் வாங்குங்கள்

ஒப்பந்தம் தனி. நான் சொல்வது நடைமுறைக் குறிப்பு. ஐந்து விஷயங்கள் அதில் இருந்தால் போதும்: என்னென்ன வேலை செய்வேன், எந்த மணி முதல் எந்த மணி வரை பதில் வரும், வேலை நேரத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்வேன், அவசரம் என்று எதைச் சொல்வோம், ஆண்டின் லீவு நாட்கள்.

இவற்றில் "அவசரம்" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். "இரண்டு மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் பணமோ வாடிக்கையாளரோ கையை விட்டுப் போகும் விஷயம், அதற்கு மட்டும் போன்" என்பது நான் எழுதுவது. எது அவசரம் என்று பேசிக்கொள்ளாவிட்டால் எல்லா மெசேஜும் அவசரம் போலத்தான் தெரியும், தூக்கத்தில் கூட கை போனைத் தேடும்.

லீவு விஷயத்தில் புதியவர்கள் வாயே திறப்பதில்லை. தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவளுடைய கிளையன்ட்டுக்கு அன்று நமக்குப் பண்டிகை என்பதே தெரியாது. தெரிந்ததும் அவர்தான் வருத்தப்பட்டார். வருடத்தின் முதல் வாரத்தில் தீபாவளி, பொங்கல் தேதிகளை அவர் காலண்டரில் நீங்களே போட்டுவிடுங்கள். பொங்கல் வருவது அவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வேலை குவியும் சமயம், ஆகவே மாற்று ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்கர்களுக்கு நவம்பர் நான்காவது வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள், அந்த வாரம் அவர்கள் பக்கம் அமைதியாக இருக்கும். உங்கள் வீட்டுக் காரியங்களை அதற்குத் தள்ளலாம்.

4. "பார்க்கலாம்" என்ற சொல்லை வேலையில் விட்டுவிடுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

நம் வீடுகளில் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது மரியாதை இல்லை. "பார்க்கலாம்" என்போம். கேட்டவருக்கும் அது நடக்காது என்று புரியும், இருவர் முகமும் கெடாது. அழகான வழக்கம்தான். ஆனால் அதே "பார்க்கலாம்", "ட்ரை பண்றேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதி அமெரிக்கருக்கு அனுப்பினால், அவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை வேலை வரவில்லை என்றதும் ஏன் என்று கேட்பார். நமக்கோ, "நான்தான் அன்னைக்கே சூசகமா சொன்னேனே" என்று மனசு புழுங்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், வேலை மட்டும் போய்விடும்.

மறுப்பதற்குப் பதில் வரிசையைக் கேளுங்கள். நான் பழக்கும் வாக்கியம் இதுதான், ஆங்கிலத்தில் உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்: "இதை வியாழன் மாலைக்குள் முடிக்க முடியும். இதை இப்போது எடுத்தால் செய்தி மடல் வெள்ளிக்குத் தள்ளிப் போகும். எது முதலில் வேண்டும்?" இதில் "முடியாது" என்ற சொல் இல்லை, ஆனால் உங்களிடம் இருக்கும் நேரம் எவ்வளவு என்பது தெளிவாக இருக்கிறது. பெரும்பாலான கிளையன்ட்டுகள் பத்து விநாடியில் பதில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் உங்களைக் கசக்கிப் பிழிய நினைப்பதில்லை. உங்கள் தட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதோடு சேர்ந்தது "சார்", "மேடம்". அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு தொழில் நடத்துகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். முதல் வாரம் நாக்கு கூசும். பழகிக்கொள்ளுங்கள். "சார்" என்று எழுதத் தொடங்கும் மெயிலில் அடுத்த வரியே மன்னிப்பாக வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேள்வி கேட்க ஒரு "ஸாரி", நினைவூட்ட ஒரு "ஸாரி", தொகை கேட்க இரண்டு. அனுப்பும் முன் மெயிலைப் படித்து, தவறு செய்யாத இடத்தில் இருக்கும் ஒவ்வொரு "ஸாரி"யையும் அழியுங்கள். இரண்டு வாரம் இதைச் செய்தால் பேசும் தொனியே மாறிவிடும்.

5. கிளையன்ட்டின் மௌனத்தை நீங்களாக நிரப்பாதீர்கள்

அலுவலகத்தில் மேனேஜர் முகத்தைப் பார்த்தே அவர் மனநிலை தெரியும். இங்கே திரையில் வரும் மூன்று சொல்தான். மீதியை நம் பயம் எழுதிக்கொள்ளும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம். ராத்திரி 10.50க்கு கிளையன்ட்டிடமிருந்து, "நாளை கொஞ்சம் பேசலாமா?" என்று ஒரு வரி வந்தது. காலை ஆறு மணிக்கு எனக்குப் போன். "அக்கா, என்னை வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க." ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பழைய மெயில்களையெல்லாம் தோண்டி, மூன்று வாரத்துக்கு முன் ஒரு தேதியைத் தப்பாகப் போட்டதைக் கண்டுபிடித்து, அதற்கு ஒன்றரைப் பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருந்தாள். அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை கிளையன்ட் பேசியது, தன் தொழில் கூட்டாளியின் காலண்டரையும் அவளே பார்த்துக்கொள்ள முடியுமா, மாதம் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்பதைத்தான்.

இதற்கு இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, இப்படி ஒரு மெசேஜ் வந்ததும் நோட்டில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் வந்த சொற்களை அப்படியே எழுதுங்கள், வலது பக்கம் நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கம் ஒரு பக்கம் என்று இருந்தால் பயம் எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். பிறகு பதில் போடுங்கள்: "பேசலாம். எதைப் பற்றி என்று சொன்னால் தயாராக வருகிறேன்." இது சாதாரணமான கேள்வி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, நாள் முடிவில் ஒரு சின்ன அறிக்கை. இன்று முடிந்தது, நிலுவையில் இருப்பது, உங்களிடமிருந்து வேண்டியது. மூன்று வரி. எதுவும் பெரிதாக நடக்காத நாளிலும் அனுப்புங்கள். வேலை நடக்கிறதா என்று அவருக்கும் ஒரு கவலை இருக்கும், அவரும் உங்கள் மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தக் கவலை தீர்ந்தால் "என்ன ஆனது?" என்ற திடீர் மெசேஜ்கள் நிற்கும். அவை நின்றால் உங்கள் வயிறும் அமைதியாகும்.

6. தவறு நடந்த அன்று செய்ய வேண்டியது

நடக்கும். ஒருவருக்குப் போக வேண்டிய மெயில் வேறு ஆளுக்குப் போகும், பழைய விலைப்பட்டியல் போகும். வரிசை இது: மேலும் பரவாமல் நிறுத்துங்கள், கிளையன்ட்டுக்கு அவர் தானாகக் கண்டுபிடிக்கும் முன் சொல்லுங்கள், சரி செய்யுங்கள், திரும்ப நடக்காமல் இருக்க என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன நடந்தது, யாரைப் பாதித்தது, நான் என்ன செய்துவிட்டேன், உங்களிடம் என்ன முடிவு வேண்டும் என்று நாலே வரி. மன்னிப்பு ஒருமுறை போதும். பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்டால், கிளையன்ட் பிரச்சினையை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

முழுவதும் சரி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று தாமதிப்பதுதான் இங்கே பெரிய பிழை. தவறை மன்னித்த கிளையன்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மறைத்ததை மன்னித்தவரைப் பார்த்ததில்லை.

முன்னேற்பாடாக இரண்டு: ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 5 விநாடியிலிருந்து 30 விநாடிக்கு மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டுகளை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு செயலி மூலம் பகிரச் சொல்லுங்கள். எங்கோ ஏதோ கசிந்தால் நம் மேல் விழுமோ என்ற பயம் பாதி குறையும்.

7. டைமர் ஓடுகிறதே என்று உடம்பை வருத்தாதீர்கள்

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில் மணிக்கணக்கு வேலை எடுத்தால், வேலை நேரத்தைக் கணக்கிடும் அதன் டைமர் ஓடும்போது ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் எப்போதாவது ஒருமுறை உங்கள் திரையைப் படம் பிடிக்கும். எந்த நொடி என்று தெரியாது. இதற்குப் பயந்து மூன்று மணி நேரம் பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனவர்களும் உண்டு.

டைமரை நிறுத்துங்கள், எழுந்து போங்கள், வந்து போடுங்கள். நிறுத்திய நேரத்துக்குக் காசு இல்லை, அதனால் குற்ற உணர்வுக்கும் இடமில்லை. மறதியாகச் சொந்த வேலை படத்தில் விழுந்துவிட்டால், அப்வொர்க்கின் வேலை நாட்குறிப்பில் (Work Diary) அந்தப் படத்தை நீங்களே நீக்கலாம். அந்த நேரம் கணக்கிலிருந்து கழியும், அது நியாயம்தான்.

8. அன்றைய வேலையை மூடுவதற்கு ஒரு சடங்கு வையுங்கள்

அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் பஸ் பயணம் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் நாற்பது நிமிடத்தில் மனசு அலுவலகத்தை விட்டு இறங்கிவிடும். வீட்டில் அந்த நாற்பது நிமிடம் இல்லை. லேப்டாப்பை மூடினால் அடுத்த அடி அடுப்படி.

நான் செய்வதைச் சொல்கிறேன். நாளைக்குத் தொட வேண்டிய முதல் வேலையை நோட்டில் ஒரே வரியில் எழுதுவேன். வேலைக்கென்று வைத்திருக்கும் தனி குரோம் புரொஃபைலை மூடுவேன். ஸ்லாக் என்ற அலுவலக மெசேஜ் செயலியில் வேலை நேரத்துக்கு வெளியே அறிவிப்பு வராதபடி ஏற்கெனவே நேரம் குறித்திருக்கிறேன். லேப்டாப் பீரோவுக்குள் போகும், மேசை மேல் இருக்காது. பிறகு முகம் கழுவி, தெருமுனை வரை நடந்து, பால் பாக்கெட்டோ கொத்தமல்லியோ வாங்கிக்கொண்டு வருவேன். ராத்திரி வேலை பார்ப்பவர்கள் தெருவில் நடக்க முடியாது, மொட்டை மாடியில் பத்துச் சுற்று போதும். என்ன செய்கிறீர்கள் என்பதைவிட தினமும் அதே வரிசையில் செய்வதுதான் வேலை செய்கிறது.

வேலை நேரத்துக்குப் பிறகு ஏதாவது தோன்றினால் எழுதலாம், ஆனால் மறுநாள் காலைக்கு நேரம் குறித்து அனுப்புங்கள். ராத்திரி 11 மணிக்கு ஒருமுறை பதில் போனால், 11 மணிக்குக் கிடைப்பீர்கள் என்பது கிளையன்ட் மனதில் பதிந்துவிடும்.

9. பணக் கவலையைத் தேதிகளாக மாற்றுங்கள்

இன்வாய்ஸ் அனுப்பும் தேதி, பணம் வர வேண்டிய தேதி, வராவிட்டால் நினைவூட்டும் தேதி மூன்றையும் காலண்டரில் போடுங்கள். தேதி வந்தால் நினைவூட்டல் போகும், அவ்வளவுதான். "கேட்டால் என்ன நினைப்பாரோ" என்று யோசிக்க வேலை இல்லை. புது கிளையன்ட் என்றால் முதல் இரண்டு வாரத்துக்கு முன்பணம் கேளுங்கள்.

வரும் பணம் முழுவதும் உங்களுடையது என்று நினைத்துச் செலவழித்தவர்கள் மார்ச்சில் தவிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை வரிக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். முன்கூட்டிய வருமான வரி கட்ட வேண்டிய நிலை வந்தால் அதன் தவணைகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை ஒரு ஆடிட்டரிடம் முதல் வருடமே கேட்டுவிடுங்கள். சம்பாதித்ததைக் காட்டும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகி இருப்பது என் சொந்தக் கருத்து. அங்கே போடும் தொகையில் எத்தனை மணி நேரம், எத்தனை வருட அனுபவம் என்பது இருக்காது.

10. ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை நாலு கேள்விக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள். எத்தனை நாள் சரியாகத் தூங்கினேன்? பேசாத வேலை எத்தனை முறை வந்தது? வேலை சம்பந்தமில்லாமல் யாரோடு பேசினேன்? எந்த மெசேஜைத் திறக்கப் பயந்தேன்?

மூன்றாவது கேள்விக்கு இரண்டு வாரம் தொடர்ந்து "யாருமில்லை" என்று வந்தால் அதை முதலில் கவனியுங்கள். இதே வேலை பார்க்கும் ஒருவரைத் துணையாகப் பிடித்து, வாரம் அரை மணி நேரம் போனில் பேசிக்கொள்ளுங்கள். கிளையன்ட் ரகசியங்களைப் பேசக் கூடாது, மற்றதெல்லாம் பேசலாம். வீட்டில் உள்ளவர்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும், "ஒரு வரி மெயிலுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிற?" என்றுதான் கேட்பார்கள். அதே மெயிலுக்கு யோசித்திருக்கும் ஒருவருக்குத்தான் அது புரியும்.

தூக்கமின்மையோ அழுகையோ படபடப்போ இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் ஏற்பாடுகளால் மட்டும் சரியாகாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலத்தான் இதுவும்.

11. கிளையன்ட்டை விடுவது

குறிப்பைக் காட்டிப் பேசியும் இரண்டு முறைக்கு மேல் அதே வரம்பு மீறப்பட்டால், தரக்குறைவாகப் பேசினால், பணம் இரண்டு தவணை நின்றால், வெளியேறத் திட்டமிடுங்கள். கோபம் வந்த அன்று ராத்திரி எழுதாதீர்கள். எழுதி வைத்து, தூங்கி எழுந்து, பகலில் ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

இரண்டு வார அவகாசம் கொடுங்கள். அதற்குள் நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் அடுத்தவர் பார்த்துச் செய்கிற மாதிரி எழுதி வையுங்கள். கடைசி நாளில் காலண்டர், மெயில், டிரைவ், பாஸ்வேர்டு செயலி என்று ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் அனுமதியை நீக்கச் சொல்லி, நீக்கிவிட்டதாக அவரிடமிருந்து ஒரு வரி மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மெயில் வந்த பிறகு வேலை குரோம் புரொஃபைலில் அவருடைய கணக்குகளை அழித்துவிட்டு, புது கிளையன்ட் தேடும் முன் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.